அவர் பேரில் நாலு வயல்

எங்கள் ஆய்வகத்தில் நாள் முழுக்க யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வி ஒன்று உண்டு: "உயிர் எவ்வளவு?" புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் இதைக் கேட்டுத் திடுக்கிடுவார்கள். உள்ளறையில் யாரையோ படுக்க வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். விஷயம் அவ்வளவு பயங்கரம் இல்லை. எதிரே இருக்கும் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுக்கிற கட்டிகளில் ஒரு சின்னத் துண்டு எங்களுக்கு வரும். அதைத் தனித்தனி செல்லாகப் பிரித்து, நூற்றில் எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மற்ற வேலையெல்லாம். பிரிப்பதும் எண்ணுவதும் ஐஸ் அக்காவின் பொறுப்பு.

எண்ணுகிற முறை எளிது. செல்கள் மிதக்கும் நீரில் ஒரு சொட்டு நீலச் சாயம் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைப்பாள். உயிருள்ள செல் சாயத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். செத்த செல்லுக்கு அந்த வைராக்கியம் கிடையாது, யார் வந்தாலும் உள்ளே விட்டுவிடும். ஆகவே நீலமாக இருந்தால் செத்தது, பளிச்சென்று இருந்தால் உயிரோடு இருப்பது. அக்கா ஒரு கண்ணை மூடாமலே எண்ணி முடித்து, தலையைத் தூக்காமல், "தொண்ணூறு" என்பாள், அல்லது "எழுபது, தேறாது" என்பாள். குரலில் ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது.

சம்பளச் சீட்டில் அவளுக்கு வேறு பெயர் இருக்கிறது. அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எப்போது பார்த்தாலும் இடுப்போடு ஒரு ஐஸ் பெட்டியை அணைத்துக்கொண்டு நடப்பாள், அதனால் ஐஸ் அக்கா. யார் என்ன சொன்னாலும் சூடாக மாட்டாள், அதனாலும் ஐஸ் அக்கா. நான் அவளுக்கு நேர் எதிர். பக்கத்து அறையில் புரதங்களை எடைபோடும் மாஸ் ஸ்பெக் எந்திரம் என் வசம். எந்திரமும் சூடு, நானும் சூடு. என் வாய்க்குப் பயந்து சர்வீஸ் இன்ஜினியரே போன் பண்ணிவிட்டுத்தான் வருவார். அப்படிப்பட்ட நான் அக்காவிடமிருந்து முழுசாக ஒரு வாக்கியத்தை வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

அந்த ஐஸுக்குக் காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் கட்டித் துண்டை உடம்புச் சூட்டில் வைத்து, ஒரு நொதியைப் போட்டு, குலுக்கு குலுக்கென்று குலுக்கித்தான் செல்களைப் பிரிப்போம். பிரியும், ஆனால் ஒவ்வொரு செல்லும் அரண்டுபோய்க் கிடக்கும். அப்புறம் அதை எண்ணெயில் மிதக்கும் நீர்த்துளிக்குள் ஒன்று ஒன்றாக அடைத்து, உடைத்து, உள்ளே இருக்கிற ஆர்.என்.ஏ.வைப் படித்தால், பாதிப் பக்கம் அந்த மிரட்சிதான் இருக்கும். அதன் கதையைக் கேட்கப் போய், நாம் அதை வெட்டும்போது அது போட்ட கூச்சலைப் பதிவு செய்துகொண்டு வந்திருக்கிறோம். இப்போது முறை மாறிவிட்டது. ஐஸிலேயே வேலை செய்கிற நொதி வந்துவிட்டது. குளிரில் செல்லுக்கு ஒன்றும் தெரியாது. தன்னை வெட்டினார்கள், பிரித்தார்கள் என்பதே தெரியாமல் இருந்தது இருந்தபடி வந்து சேரும். இதற்கு ரொம்பப் பொறுமை வேண்டும், விரல் மரத்துப்போனாலும் பரவாயில்லை என்கிற ஆள் வேண்டும். அக்கா அதில் கைதேர்ந்தவள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அக்கா என்று கூப்பிட்ட பிறகு அவர் எனக்கு மாமாதானே, அப்படியே கூப்பிட்டேன். சாயங்காலம் அவளை அழைத்துப்போக வந்து வாசலில் காவல்காரரோடு அரட்டை அடித்துக்கொண்டிருப்பார். பேச்சு என்றால் பேச்சு அப்படி ஒரு பேச்சு. மனைவி பேசாமல் சேமித்து வைத்ததையெல்லாம் இவர் எடுத்துச் செலவழித்தார் என்று நான் சொல்வேன்.

செல்களை உறைய வைக்கிற சின்னக் குப்பிக்கு எங்கள் இடத்தில் 'வயல்' என்று பேர். இங்கிலீஷ் வார்த்தைதான், நம் நாக்கில் விழுந்து விளைநிலமாகிவிட்டது. ஒருநாள் வாசலில் நின்று நான் அக்காவிடம், "அந்த ரெண்டு வயலையும் உள்ள வச்சுட்டீங்களா?" என்று கேட்டது மாமா காதில் விழுந்துவிட்டது.

"என்னது, வயலை உள்ள வைக்கிறீங்களா? எத்தனை ஏக்கர்?"

"ஐயோ மாமா, அது குப்பி. சுண்டு விரல் அளவு இருக்கும்."

"சுண்டு விரல் அளவுக்கு வயலா? அதான் விளைச்சல் போதாம உங்க ஆபீஸ்ல சம்பளம் லேட்டாகுது."

அன்றிலிருந்து தினம் அதே பாட்டுதான். "இன்னிக்கு விதைப்பா, அறுப்பா?" என்பார். "வயல்ல ஆடு மாடு இறங்காம பாத்துக்கோ" என்பார். நாங்கள் சிரிப்போம். அக்கா சிரிக்க மாட்டாள், ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவர் முதுகில் ஒரு குத்து விடுவாள். அவளைப் பொறுத்தவரை அது விழுந்து விழுந்து சிரித்ததற்குச் சமம்.

வாய்தான் அப்படி, கை அதற்கு எதிர். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவர் சொந்த வீட்டு அலமாரிக் கதவுக்கு ஒரு திருகு போட மாட்டார். கதவு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டே இருந்தது. கேட்டால் "நாளைக்கு" என்பார். இதைச் சொல்லி நான் அவரை ஓட்டுவேன். "மாமா, உங்க ஆர்.என்.ஏ.வைப் படிச்சா கதவு எப்பவோ சரியாயிடுச்சு. புரதத்தை எடைபோட்டாத்தான் குட்டு வெளிப்படும்." செல்லில் அப்படித்தான். ஆர்.என்.ஏ. என்பது செய்யப்போகிறேன் என்று சொல்வது. புரதம் என்பது செய்து முடித்தது. சொன்னதையெல்லாம் செய்கிற செல்லும் கிடையாது, புருஷனும் கிடையாது. அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், லிஃப்ட் கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

பிறகு வயிற்றுவலி வந்தது, கண் மஞ்சளானது, எதிர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துக் கணையத்தில் கட்டி என்றார்கள். அறுவைக்கு முன்னால், எடுக்கிற கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று நர்ஸ் வந்து கேட்டிருக்கிறார். எல்லோரிடமும் கேட்பதுதான். மாமா கையெழுத்துப் போட்டுவிட்டு அக்காவைப் பார்த்து, "எங்க பரம்பரையிலேயே யார் பேர்லயும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. இப்ப எனக்கு வயல் வரப்போகுது பாத்தியா" என்றாராம். இதை அக்கா என்னிடம் சொன்னபோது நான் சிரித்துவிட்டு, அப்புறம் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. துண்டு யாருடையது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது. எண் மட்டும்தான் வரும். நம் சொந்தக்காரர் ஒருவருடையது என்று தெரிந்தால் அதைத் தொடவே கூடாது, வேறு ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். அறுவை நடந்த அன்று அக்கா லீவு போட்டிருந்தாள். மத்தியானம் பார்த்தால் கோட்டை மாட்டிக்கொண்டு ஐஸ் அள்ளிக்கொண்டிருக்கிறாள்.

"என்னக்கா இது? அங்க இருக்க வேண்டாமா?"

"உள்ள விட மாட்டாங்க. வெளிய உக்காந்து என்ன பண்றது." பெட்டியில் ஐஸைத் தட்டி நிரவிவிட்டு, "துண்டு வரும்" என்றாள்.

"வேற யாராவது பண்ணுவாங்கக்கா."

"வேற யாரும் சரியா பண்ண மாட்டாங்க."

அது உண்மை. டாக்டரம்மா, அதாவது எங்கள் ஆய்வகத்தின் தலைவி, அந்த வாரம் ஏதோ மாநாட்டுக்குப் போயிருந்தார். மற்றவர்களுக்கு மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரியுமே தவிர எங்கே, என்ன என்று தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும்.

அன்று அவள் வேலை செய்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். துண்டு ஊறவைத்த அவல் ஒன்றின் அளவுக்குத்தான் இருந்தது. தட்டில் வைத்து, ஐஸ்மேலேயே நறுக்கி, நொதியை ஊற்றி, பைப்பெட்டால் மெல்ல மெல்ல இழுத்து விட்டு, வடிகட்டி, மறுபடி கழுவி. வழக்கமாகச் செய்வதைவிட மெதுவாகவும் செய்யவில்லை, வேகமாகவும் செய்யவில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து எண்ணினாள். நான் உயிர் எவ்வளவு என்று கேட்கவில்லை. அவளாகவே, "தொண்ணூத்தாறு" என்றாள்.

எங்கள் ஆய்வகத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு எண் வந்ததில்லை. பாதியை அன்றே படிக்க அனுப்பினாள். மீதியை நாலு வயலில் பிரித்து, பதமாகக் குளிரூட்டி, திரவ நைட்ரஜன் தொட்டியில் இறக்கினாள். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்துபோனாள். மாமாவுக்கு மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வயல் எத்தனை?" இவள் நாலு என்று விரலைக் காட்டியிருக்கிறாள்.

அறுவை சரியாகத்தான் நடந்தது. ஆனால் நோய் முன்னமே ஈரலுக்குப் போய்விட்டிருந்தது. அடுத்த மழைக்காலத்தைப் பார்க்காமலே மாமா போய்விட்டார்.

அக்கா அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். கட்டிக்கொண்டு அழ வந்தவர்களை முதுகில் தட்டிக் கொடுத்து அனுப்பினாள். நாத்தனார் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, "எங்கண்ணன் போயிட்டான், இவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலையே. நெஞ்சா கல்லா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அம்மாளை எழுப்பி வெளியே விட்டிருப்பேன். அக்கா அதையும் கேட்டுக்கொண்டு அவளுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். கல்லும் இல்லை ஒன்றும் இல்லை. அவளுக்கு எதுவும் எட்டவில்லை, அவ்வளவுதான்.

சீக்கிரமே வேலைக்கு வந்துவிட்டாள். நான் அவ்வப்போது அவள் வீட்டுக்குப் போவேன். இரண்டு அறை, ஒரு சமையலறை. அலமாரிக் கதவு தொங்கியது தொங்கியபடி இருந்தது. ஒருநாள் நானே திருகாணி எடுத்துக்கொண்டு போனேன். "வேண்டாம், விடு" என்றாள். காரணம் கேட்டதற்கு, "பழகிடுச்சு" என்றாள். கட்டிலில் சுவர்ப்பக்கம்தான் இன்னும் படுக்கிறாள் போலும், மறுபக்கத் தலையணை உறை மடிப்புக் கலையாமல் இருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பாள். என்ன சாப்பிட்டீர்கள் என்றால் யோசிப்பாள். "ஒண்ணும் தெரியலம்மா எனக்கு" என்று ஒருநாள் சொன்னாள். "பசியும் தெரியல, ருசியும் தெரியல. கால்ல சுடுதண்ணி கொட்டிடுச்சு, கொப்புளத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுது." இவ்வளவு நீளமாக அவள் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

ஆய்வகத்தில் மாமாவுக்குக் கிராக்கி அதிகமாகிவிட்டது. பேர் தெரியாமல்தான். அந்த எண்ணுள்ள சாம்பிள்தான் எங்களிடம் இருப்பதிலேயே சுத்தம் என்பதால் எதற்கெடுத்தாலும் டாக்டரம்மா அதையே கேட்பார். முதல் வயல் முடிவைச் சரிபார்க்கப் போயிற்று. இரண்டாவது வேறொரு ஆய்வகம் கேட்ட சோதனைக்குப் போயிற்று. மூன்றாவது செல்லைத் துளிக்குள் அடைக்கப் புதிதாக வந்த எந்திரத்தைச் சோதிக்கப் போயிற்று. ஒவ்வொன்றையும் உருக்கியது அக்காதான். செல்லைப் படிக்க வேண்டும் என்றால் உடைத்தாக வேண்டும், உடைத்தால் அது முடிந்தது. மூன்று தடவையும் அவள் மற்ற சாம்பிள்களைப் போலவே உருக்கி, எண்ணி, எண்ணைச் சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு போனாள். நான்தான் என் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசி வயல் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகுதான் அவள் தொட்டியறைக்குப் போக ஆரம்பித்தாள். "நைட்ரஜன் மட்டம் பாத்துட்டு வரேன்" என்பாள். மட்டம் பார்ப்பதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது, வாரத்துக்கு ஒரு தடவை விட்டுப் பார்த்தால் போதும். அவள் தினம் போனாள். சில நாள் மத்தியானமும் போனாள். ஒருநாள் நான் பின்னாலேயே போனேன்.

தொட்டியின் மூடி திறந்து, வெள்ளைப் புகை தரையில் வழிந்துகொண்டிருந்தது. அக்கா தடிமனான நீலக் கையுறையோடு அடுக்கைத் தூக்கி விளிம்பில் சார்த்தியிருந்தாள். அதிலிருந்து ஒரு வயலை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். வெளிக்காற்று பட்டதும் வயல்மேல் பனி படிந்து எழுத்து மறைந்துவிடும். அதைக் கட்டைவிரலால் தேய்த்தால்தான் தெரியும். அவள் தேய்த்தாள். பார்த்தாள். மறுபடி பனி படிந்தது, மறுபடி தேய்த்தாள்.

மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தேடுகிறவர்களை இவள் எப்படித் திட்டுவாள் தெரியுமா? ஒரு தடவை வெளியே எடுத்தாலே மேலோட்டமாகச் சூடேறி இறங்கும். உள்ளே ஐஸ் ஊசிகள் பெரிதாகும், செல்லின் தோலைக் கிழிக்கும். இதை எல்லோருக்கும் பாடம் எடுக்கிறவளே இவள்தான்.

"அக்கா, என்ன காரியம் பண்றீங்க?"

"ஒரு நிமிஷம்கூட ஆகாது."

"எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க! செத்துடும்க்கா அது."

அவள் வயலை அடுக்கில் வைத்து, அடுக்கை இறக்கி, மூடியைப் போட்டாள். அவசரமே இல்லை. "ஒண்ணும் ஆகாது. நான் பதமா எடுக்கறேன்" என்றாள். தெரியாதவளாக இருந்தால் சொல்லிப் புரிய வைக்கலாம். இவளுக்கு எல்லாம் தெரியும். மற்றவர்கள் கைதான் சூடு, தன் கை குளிர் என்று நினைத்தாளோ என்னவோ.

"அக்கா, மாமா அங்க இல்ல."

"தெரியும்."

"அப்புறம் என்னத்தைப் பாக்கறீங்க?"

கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "அங்க அவர் இல்லதான். ஆனா அங்க அவர் சாகல, இல்ல?" என்றாள். கணக்குப்படி அவள் சொன்னது சரி. அந்த வயலுக்குள் இருந்த ஆயிரக்கணக்கான செல்களுக்கு மாமா போன சேதியே தெரியாது.

"இனிமே எடுக்காதீங்கக்கா, என் மேல சத்தியமா" என்றேன். சரி என்றாள். அவள் சரி என்று சொன்னதை நான் நம்பினேனா என்றால், நம்பவில்லை. மட்டம் பார்க்கப் போவது நிற்கவும் இல்லை.

இந்த நிலையில்தான் டாக்டரம்மா புது முறையைக் கொண்டுவந்தார். இதுவரை என் எந்திரத்துக்கு ஆயிரம், பத்தாயிரம் செல்லைக் குவியலாகப் போட்டால்தான் புரதத்தை எடைபோடும். கூட்டத்தில் யார் என்ன செய்தார்கள் என்று சொல்லத் தெரியாது. புது முறையில் ஒரு கேமரா ஒவ்வொரு செல்லாகப் படம் பிடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழியில் விடும். ஒரே ஒரு செல், அதிலிருக்கிற அத்தனை புரதம். எந்திரத்தின் காதைத் தீட்டி அந்த அளவு மெல்லிய சத்தத்தைக் கேட்க வைப்பதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. எல்லாம் தயாரானதும் டாக்டரம்மா கேட்டது, வேறென்ன, அந்த சாம்பிளைத்தான்.

"ஆர்.என்.ஏ.ல என்ன சொல்லுதுன்னு நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு. இப்ப அதே ஆளோட செல் நிஜமா என்ன செஞ்சுதுன்னு பாத்துடலாம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கலாம். ஒரு வயல் மிச்சம் இருக்குல்ல?"

"இருக்கு டாக்டர்" என்றாள் அக்கா.

அதன் பிறகு சாக்குப்போக்குதான். தொட்டியைக் கழுவ வேண்டும் என்றாள். நைட்ரஜன் வண்டி வரவில்லை என்றாள். சாயம் பழசாகிவிட்டது, புதுசு வரட்டும் என்றாள். டாக்டரம்மா நல்ல மனுஷி, முதல் மூன்றையும் நம்பினார். நாலாவதாக வேறு சாம்பிளை எடுக்கலாமே என்று அக்கா சொன்னபோது, "இதைவிட நல்லது வேற எது இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்றார். அவள் கையால் வந்த தொண்ணூற்றாறு அது.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவளிடம் சொன்னேன். "உண்மையைச் சொல்லிடுங்கக்கா. சொந்தக்காரர்னு சொன்னா அதை எடுக்க மாட்டாங்க."

"எடுக்க மாட்டாங்க. ஆராய்ச்சியிலேருந்தே நீக்கிடுவாங்க. முன்ன படிச்சது, எழுதினது எல்லாத்தையும் அழிச்சுட்டு, இதையும் கொட்டச் சொல்வாங்க." பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொன்னாலும் போகும், சொல்லலேன்னாலும் போகும். படிச்சாவது போகட்டும்."

மறுநாள் காலை அவளே வயலை எடுத்துக்கொண்டு வந்தாள். வெந்நீர்த் தொட்டியில் ஓரமாகப் பிடித்து, கடைசி ஐஸ் துணுக்கு கரையும்வரை ஆட்டி, வெளியே எடுத்து, மூடி போட்ட ஒரு சோதனைக் குழாய்க்கு மாற்றி, ஊட்டநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். நான் என் எந்திரத்தைத் தயார் செய்துவிட்டு வந்து நின்றேன். டாக்டரம்மாவும் ஆவலாக வந்து நின்றார். அக்கா சாயத்தைக் கலந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

ரொம்ப நேரம் எடுக்கவில்லை. எண்ணுவதற்கு அதிகம் இல்லை.

"உயிர் எவ்வளவு?" என்றார் டாக்டரம்மா.

"ஏழு."

"தொண்ணூத்தேழா?"

"ஏழு டாக்டர்."

டாக்டரம்மா அவளை விலகச் சொல்லி, தானே பார்த்தார். நானும் பார்த்தேன். எங்கும் நீலம். இடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளுப்பாக ஏதோ ஒளிர்ந்தது. அவையும் முழுசாக இல்லை, ஓரமெல்லாம் பொத்துப் பொத்தென்று வீங்கியிருந்தன. டாக்டரம்மா நிமிர்ந்து, "இது உறைய வச்சதுல வந்த தப்பு இல்ல. மத்த மூணு வயலும் நல்லாத்தானே இருந்துது? யாரோ இதை அடிக்கடி வெளிய எடுத்திருக்காங்க" என்றார்.

நான்தான் ஒருநாள் தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"நான்தான் டாக்டர்."

"நீங்களா? எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

"என்ன பாக்கறதுக்கு?"

அக்கா யோசித்தாள். "லேபிள்" என்றாள்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. ஆனால் இவளைக் கோபித்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. "சரி விடுங்க. கைமறதி எல்லாருக்கும் வர்றதுதான். வேற சாம்பிள் எடுங்க, இதைக் கொட்டிடுங்க" என்றார்.

அப்போது அக்கா ஒன்று கேட்டாள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள். "உயிரோட இருக்கிறதை மட்டும் கேமராவுல பொறுக்கி எடுத்து ஓட்டலாமே டாக்டர். பத்து இருபது செல் தேறுமே. புது முறைக்கு ஒண்ணு ஒண்ணுதானே வேணும்."

"தேறும். ஆனா அதுங்களைப் படிச்சா என்ன வரும்? இத்தனை நாள் இங்க பட்ட பாடுதான் வரும். நோயைப் பத்தி ஒண்ணும் வராது." டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, என் எந்திரத்தின்மேலும் வந்தது. அந்தக் கோபத்தால் ஒரு பயனும் இல்லை.

கொட்டுவது என்றால் பிளீச்சிங் நீர் வைத்திருக்கும் வாளியில் குழாயைக் கவிழ்ப்பது. அந்த வாளி கழுவும் அறையில் இருக்கிறது. அக்கா குழாயை எடுத்துக்கொண்டு போனாள். வெகுநேரம் ஆகியும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். வாளிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டிருந்தாள். குழாய் அவள் வலது கைக்குள் இருந்தது, மூடிய விரல்களுக்கு மேலே அதன் மூடி மட்டும் தெரிந்தது. பக்கத்தில் ஐஸ் இல்லை. வெறுங்கையில் ஒரு சாம்பிளை அவள் பிடித்து நான் பார்த்ததே இல்லை.

"கொட்டலையாக்கா?"

"கொட்டறேன்."

நானும் தரையில் உட்கார்ந்தேன். வெளியே வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அக்கா கையைத் திறக்கவில்லை. இன்னொரு கையையும் மேலே வைத்துப் பொத்திக்கொண்டாள். முகம் எப்போதும் போலத்தான் இருந்தது, கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் துடைக்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததா என்றே எனக்குச் சந்தேகம்.

"அவருக்குக் குளிரே ஆகாதும்மா" என்றாள். "ராத்திரி ஃபேன் போட்டாக்கூட எழுந்துபோய் அணைச்சிடுவாரு. நான் கொண்டுபோய் அங்க வச்சேன்."